மூன்றிரவுக் கப்பலில் ஒரு பழைய சபுராளி

கப்பல் சுற்றுலாவைப் பற்றி இப்பகுதியில் எழுதும்படி வாசக சகோதரிகள் சிலர் கேட்டிருந்தார்கள். ‘விமானச் சீட்டின் விலைக்குக் கப்பலில் மூன்று நாள் தங்கி உண்டு உறங்கி வரலாம் என்று விளம்பரம் செய்கிறார்களே, உண்மைதானா? பெண்டு பிள்ளைகளோடு போகத்தக்க இடமா? சாப்பாட்டுக்கும் தொழுகைக்கும் என்ன வழி?’ என்பன அவர்களுடைய கேள்விகள். கேள்வி ஞானத்தை வைத்துக்கொண்டு பதில் எழுத எனக்கு மனம் ஒப்பவில்லை. 2023 ஆகஸ்டில் நானே குடும்பத்தோடு அப்படியொரு பயணம் போய் வந்தவன் என்பதால் பட்டதையே சொல்லிவிடுகிறேன். கப்பலின் பெயரையும் கம்பெனியின் பெயரையும் எழுதப் போவதில்லை. நான் குறையாகச் சொல்லுகிறவை ஒரு கம்பெனிக்கு மட்டும் உரியவையல்ல. இந்தத் தொழிலே அப்படித்தான் நடக்கிறது.

சிங்கப்பூரில் வேலையிலிருக்கும் என் மகன்தான் இதற்கு ஏற்பாடு செய்தவன். ஞாயிறு மாலை சிங்கப்பூரில் ஏறினால் திங்கள் பிற்பகல் பினாங்கு, செவ்வாய் கிள்ளான் துறைமுகம், புதன் நண்பகல் மீண்டும் சிங்கப்பூர். ஆளுக்கு முந்நூறு வெள்ளிக்கும் சற்றுக் குறைவான கட்டணம். (சிங்கப்பூர் டாலரை நம்மவர்கள் இன்றும் வெள்ளி என்றுதான் சொல்லுகிறார்கள்.) வார இறுதிப் பயணமென்றால் கட்டணம் கூடுதல். வார நடுவில், சன்னல் இல்லாத உள்ளறையில், ஒரே அறையில் மூன்றாவது ஆளாகச் சேர்ந்துகொண்டால் இன்னும் குறையும். அறை காலியாக இருந்தாலும் நிறைந்திருந்தாலும் கப்பல் எரிக்கும் எண்ணெய் ஏறக்குறைய ஒன்றுதான். ஆகவே வந்த விலைக்குச் சீட்டை விற்று ஆளை ஏற்றிக்கொண்டு, ஏறியவரிடம் கப்பலுக்குள்ளே மீதியைப் பார்த்துக்கொள்வது அவர்கள் கணக்கு. இது எனக்குப் புதன்கிழமை காலையில்தான் விளங்கியது.

நானும் மனைவியும் மகனைப் பார்க்கச் சிங்கப்பூர் போயிருந்தோம். எங்களோடு என் வாப்பாவும் வந்திருந்தார்கள். வயது எண்பத்து மூன்று. ‘இந்த வயதில் கப்பல் எதற்கு, பினாங்கைப் பார்க்க வேண்டுமானால் விமானத்தில் ஒன்றரை மணி நேரத்தில் கூட்டிப் போகிறேன்’ என்று மகன் சொல்லிப் பார்த்தான். வாப்பா கேட்கவில்லை. “பினாங்குக்குக் கப்பல்ல போனாத்தான் போன மாதிரி இருக்கும் தம்பி” என்று முடித்துவிட்டார்கள்.

எங்கள் நாகூர் வட்டாரத்துப் பழைய குடும்பங்களுக்கு இந்தச் சொல்லின் பொருளை விளக்க வேண்டியதில்லை. வாப்பா முதன்முதலாகக் கப்பலேறியது 1952இல், பன்னிரண்டு வயதில். பினாங்கில் சிறு மளிகைக் கடை வைத்திருந்த என் பாட்டனார் ஊருக்கு வந்து மகனைத் தம்மோடு அழைத்துப் போனார்கள். அந்தக் கப்பலின் பெயர் ‘ராஜுலா’. 1926இல் கிளாஸ்கோவில் கட்டப்பட்டு, பிரிட்டிஷ் இந்தியா கம்பெனிக்காகச் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று 1973 வரை ஓடியது. தொடக்க காலத்தில் ஐயாயிரம் பேருக்கு மேல் தளப் பயணிகளை ஏற்றிக்கொள்ள அதற்கு உரிமம் இருந்தது. தளப் பயணி என்றால் அறையும் கட்டிலும் இல்லாதவர், பாய் விரித்த இடமே அவர் வீடு. நாகப்பட்டினத்தில் கப்பல் கரைக்கு வராது. கடலில் தள்ளி நிற்கும். படகில் போய்த்தான் ஏற வேண்டும். 1952க்குப் பிறகு வாப்பா அதே கப்பலில் நான்கைந்து முறை போய் வந்திருக்கிறார்கள். 1958இல் பாட்டனார் பினாங்கிலேயே மௌத்தாகி அங்கேயே அடக்கமானார்கள். வாப்பா கடையை ஒப்படைத்துவிட்டு 1970இல் ஊரோடு வந்துவிட்டார்கள். ராஜுலாவுக்குப் பின் வந்த ‘சிதம்பரம்’ கப்பல் 1985 பிப்ரவரியில் தீப்பிடித்ததோடு அந்த வழியில் ஆளேற்றும் கப்பலே இல்லாமல் போயிற்று. சபுராளிகள் எல்லாரும் விமானத்துக்கு மாறினார்கள். வாப்பா மாறவில்லை, பிறகு சபரே போகவில்லை.

பாட்டனாரின் கபுரை ஒரு முறை ஜியாரத் செய்ய வேண்டும் என்பது வாப்பாவின் நீண்ட நாள் ஆசை. கப்பல் பினாங்கில் பிற்பகல் மூன்று மணிக்குக் கட்டி இரவு பதினொன்றுக்குப் புறப்படும் என்று அறிந்ததும், ‘போதும்’ என்றார்கள்.

இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். சிங்கப்பூரிலிருந்து வெளியேறி மறுபடி நுழைவதால் அந்த விசா பலமுறை நுழையத் தக்கதாக இருக்க வேண்டும். நாங்கள் போனபோது மலேசியாவுக்கும் தனியே விசா எடுக்க வேண்டியிருந்தது. 2023 டிசம்பர் முதல் இந்தியர்களுக்கு விசா வேண்டாம் என்று மலேசிய அரசு தளர்த்தியது நாங்கள் திரும்பி வந்த பின்னர்தான்.

மரினா பே கப்பல் நிலையம் 2012இல் திறந்தது. விமான நிலையம் போலவே இருக்கிறது. வரிசையில் நின்று, பெட்டிகளைக் கொடுத்து, குடிநுழைவுச் சோதனை முடிந்ததும் ஆளுக்கோர் அட்டை தருகிறார்கள். அதுவே அறைக்குச் சாவி, அதுவே அடையாளச் சீட்டு, கப்பலுக்குள் பணமும் அதுவே. எங்கள் பாஸ்போர்ட்டுகளை அவர்கள் வாங்கி வைத்துக்கொண்டார்கள். வாப்பாவுக்கு அது பிடிக்கவில்லை. “சபுராளி பாஸ்போர்ட்டை அடுத்தவன் கையில குடுக்க மாட்டான்” என்று முணுமுணுத்தபடியே கொடுத்தார்கள். கப்பலில் ஏறும் பாதையில் ஒருவர் எங்களை நிறுத்திப் புகைப்படம் எடுத்தார். மரியாதைக்கு எடுக்கிறார்கள் என்று நினைத்துச் சிரித்து வைத்தோம்.

புறப்படுமுன் அபாயப் பயிற்சி. ஏழு குறுகிய ஒலி, ஒரு நீண்ட ஒலி கேட்டால் யார் எங்கே கூட வேண்டும், உயிர்காப்புச் சட்டையை எப்படி மாட்ட வேண்டும் என்று காட்டினார்கள். 2012இல் இத்தாலியக் கரையோரம் ‘கோஸ்டா கான்கார்டியா’ பாறையில் மோதிச் சாய்ந்தபோது, அன்றைக்கு ஏறியிருந்த பல நூறு பேருக்குப் பயிற்சியே நடந்திருக்கவில்லை. அதன் பிறகுதான் கப்பல் கிளம்புமுன்பே, அல்லது கிளம்பியவுடனேயே நடத்தியாக வேண்டும் என்று உலக விதியைத் திருத்தினார்கள். பலர் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். வாப்பா மட்டும் பள்ளிப்பிள்ளை போலக் கவனித்துவிட்டு, “ராஜுலாவுல இதெல்லாம் யாரு சொன்னா?” என்றார்கள்.

பிறகு அறை. நீண்ட நடைக்கூடத்தில் இரு பக்கமும் ஒரே நிறத்தில் கதவுகள். எங்கள் மூவருக்கும் ஓர் அறை, மகன் குடும்பத்துக்கு எதிரில் ஓர் அறை. கட்டில் இரண்டு, சுவரிலிருந்து இறக்கும் பரண் ஒன்று. ஏணி வைத்து அந்தப் பரணில் ஏறும் பேறு ஐம்பத்தெட்டு வயதான எனக்குக் கிடைத்தது. குறை சொல்வதற்கில்லாத சுத்தம். சன்னல் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு திரை தொங்கியது. வாப்பா ஆவலோடு போய் அதை விலக்கினார்கள். பின்னால் சுவர். “கடல் எங்க?” என்றார்கள். தொலைக்காட்சியைப் போட்டுக் காட்டினேன். அதில் ஓர் அலைவரிசையில் கப்பல் செல்லும் இடம் வரைபடத்தில் தெரிகிறது. கழிவறையில் தண்ணீர்க் குழாய் கிடையாது, காகிதம்தான். நம் வீட்டுப் பெண்கள் ஒரு பிளாஸ்டிக் குவளையைப் பெட்டியில் வைத்துக்கொண்டு போவது நலம்.

சாப்பாட்டைப் பற்றிக் கேட்டவர்களுக்கு: எங்கள் கப்பலில் ஹலால் உணவுக்குத் தனிப் பகுதி இருந்தது, இந்தியச் சைவ உணவும் இருந்தது. எல்லாக் கப்பல்களிலும் அப்படி இராது, சீட்டு எடுக்குமுன் எழுத்தில் கேட்டுப் பெற்றுக்கொள்ளுங்கள். கட்டணத்தில் அடங்கிய உணவுக்கூடங்கள் சில. தனிக் காசு கேட்பவை பல. தனிக் காசு கேட்கும் கடைகளே நல்ல இடங்களில், நல்ல வெளிச்சத்தில் இருந்தன. என் மனைவி இரண்டாம் வேளையிலேயே சலித்துப்போய், “ஒரு மீன் ஆணம் கிடைத்தால் போதும்” என்றாள். பேரனுக்கோ பசியாற வந்த இடத்தில் ஐஸ்கிரீம் கிடைத்ததே பெருநாளாக இருந்தது.

எந்தப் பக்கம் போனாலும் பாட்டு, விளக்கு, அறிவிப்பு. கப்பல் கரையின் எல்லையைத் தாண்டியதும் சூதாட்டக் கூடம் திறக்கிறது. சாப்பாட்டுக்குப் போகும் வழி அதை ஒட்டியே அமைந்திருந்தது. பிள்ளைகளோடு கடந்து போவது எனக்கு உவப்பாக இல்லை. மின்தூக்கியில் வேறு மாடிக்குப் போய்ச் சுற்றி வந்தால் தவிர்க்கலாம். முதல் நாளே அந்த வழியைத் தெரிந்துகொண்டேன்.

தொழுகைக்கு அறையே போதும். ஆனால் கிப்லா? கப்பல் திரும்பத் திரும்ப அதுவும் மாறும் அல்லவா? மகன் கைப்பேசியை வைத்துத் தேடினான். சுற்றிலும் இரும்பு, அதன் முள் ஒரு நிலையில் நிற்கவில்லை. வாப்பா அந்தி நேரத்தில் மேல்தளத்துக்குப் போய்ச் சூரியன் இறங்கும் இடத்தைப் பார்த்து, “இதுல இருந்து கொஞ்சம் வலது கைப் பக்கம்” என்று சொல்லிவிட்டார்கள். தொலைக்காட்சியின் வரைபடத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். சரியாகவே இருந்தது.

அன்று இரவுதான் அந்தச் சோதனை.

பின்னிரவு மூன்று மணி இருக்கும். ஏதோ கதவு சாத்திய ஒலி கேட்டு விழித்தேன். சன்னலில்லா அறையின் இருட்டு நம் வீட்டு இருட்டைப் போன்றதல்ல. விளக்கை அணைத்தால் கையை முகத்துக்கு நேரே கொண்டுவந்தாலும் தெரியாது. தடவித் தடவி ஏணியில் இறங்கி விளக்கைப் போட்டேன். வாப்பாவின் கட்டில் காலி. தொப்பியும் கைத்தடியும் இல்லை. அட்டை மட்டும் தலையணைக்கு அருகில் கிடந்தது.

நடைக்கூடத்தில் ஓடினேன். கண்ணுக்கெட்டிய தூரம் வரை கதவுகள், ஒரு மனிதரைக் காணோம். மூவாயிரம் பேருக்கு மேல் ஏறிய கப்பல். மாடிகள் பதினைந்துக்கும் மேல். வாப்பாவுக்கு ஆங்கிலம் தெரியாது, அறை எண் நினைவிருக்காது. நீரிழிவுக்காரர் வேறு. மகனை எழுப்பினேன். அவன் வரவேற்புக் கூடத்துக்கு ஓடினான், நான் மாடி மாடியாகத் தேடினேன். இரவு மூன்று மணிக்கும் சூதாட்டக் கூடத்தில் கூட்டம் குறையவில்லை. அங்கேயும் நுழைந்து பார்த்தேன். என் வாழ்நாளில் நான் அப்படியோர் இடத்தில் கால் வைத்தது வாப்பாவைத் தேடித்தான். நீச்சல் குளத்தருகே நாற்காலிகளை ஒருவர் அடுக்கிக்கொண்டிருந்தார். அவரும் பார்க்கவில்லை. கடலில் விழுந்திருப்பார்களோ என்ற எண்ணம் வந்தபோது என் கால்கள் நின்றுவிட்டன. அந்த இருபது நிமிடத்தில் நான் ஓதிய துஆக்களுக்குக் கணக்கில்லை. மலிவாகக் கிடைக்கிறதென்று இந்த அறைக்குத் தலையாட்டிய என்னையே நொந்துகொண்டேன்.

உயிர்காப்புப் படகுகள் தொங்கும் வெளித்தளத்தில் வாப்பாவைக் கண்டேன். மரப்பலகை வேய்ந்த நீண்ட நடைபாதை அது. ஒரு சாய்நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். தோளில் கப்பலின் பெரிய துவாலை ஒன்று போர்த்தியிருந்தது. பக்கத்தில், தளத்தைக் கழுவும் குழாயைக் கையில் பிடித்தபடி ஓர் இளைஞர். இருவரும் மலாய் பேசிக்கொண்டிருந்தார்கள்! அந்த இளைஞர் ஜாவாக்காரர். வாப்பா ஐம்பது ஆண்டுகளாக உபயோகிக்காத பினாங்குக் கடைத்தெரு மலாயை அவரிடம் பேசிக்கொண்டிருந்தார்கள்.

எனக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன. “ஏன் வாப்பா, எழுப்பக் கூடாதா?” என்றேன்.

வாப்பா உடனே பதில் சொல்லவில்லை. பிறகு, “எந்திரிச்சேன் தம்பி. கண்ணு திறந்திருக்கா மூடியிருக்கான்னே தெரியல. கபுருல வெச்சுட்டாங்களோன்னு நெனச்சிட்டேன். கையால தடவுனா சுவரு. திரையைத் தள்ளுனா அங்கயும் சுவரு. கதவு கையில பட்டுச்சு, வெளியே வந்துட்டேன். திரும்பிப் பார்த்தா எது நம்ம கதவுன்னு தெரியல. காத்து வர்ற பக்கமா நடந்தேன்” என்றார்கள்.

அதற்கு மேல் நான் ஒன்றும் கேட்கவில்லை. மகனுக்குத் தகவல் சொல்லிவிட்டு அங்கேயே அமர்ந்துவிட்டேன். மலாக்கா நீரிணை உலகத்தின் நெரிசல் மிகுந்த கடல் வழிகளில் ஒன்று. கண்ணுக்கெட்டிய வரை சரக்குக் கப்பல்களின் விளக்குகள் வரிசையாக எதிரே போய்க்கொண்டிருந்தன. காற்று இதமாக இருந்தது.

“ராஜுலாவில் இப்படித்தானே காற்று வாங்கிக்கொண்டு போயிருப்பீர்கள்” என்று வாப்பாவை உற்சாகப்படுத்தச் சொன்னேன்.

வாப்பா சிரித்துவிட்டார்கள். “காத்தா? முந்நூறு பேரு வாந்தி எடுத்த எடத்துல என்ன காத்து? கீழ்த்தட்டுலதான் எங்களுக்கு எடம். டிரங்குப் பெட்டியை வெச்சு எல்லை போட்டுக்கணும். ராத்திரி யாரு காலு யாரு தலையில இருக்குன்னு தெரியாது. மழை வந்தா மேல இருக்குறவனும் கீழ வந்துருவான். மூணாம் நாளு ஒரு பெரியவரு மௌத்தாயிட்டாரு. கப்பலை மெதுவா ஓட்டச் சொல்லி, தொழுவிச்சுக் கடல்ல எறக்கினாங்க. பன்னெண்டு வயசு எனக்கு. வாப்பா கையை விடவே இல்ல. அந்தக் கப்பலைப் போயி நல்லதும்பியா?” என்றார்கள்.

பழைய காலத்தைப் பற்றி நாம் கற்பனை செய்துகொள்வது எவ்வளவு! நான் வெட்கத்தோடு பேசாமல் இருந்தேன்.

அந்த ஜாவா இளைஞர் தேநீர் கொண்டுவந்து கொடுத்தார். ஒன்பது மாத ஒப்பந்தமாம், ஏழு மாதம் முடிந்திருந்தது. ஊரில் பிறந்த பெண் குழந்தையைக் கைப்பேசியில் மட்டும் பார்த்திருக்கிறார். கப்பல் தொழிலாளரைப் பற்றி 2006இல் ஏற்பட்டு 2013இல் நடைமுறைக்கு வந்த உலக ஒப்பந்தம் ஒன்று உண்டு. ஒரு நாளில் 14 மணி நேரத்துக்கும் வாரத்தில் 72 மணி நேரத்துக்கும் மேல் வேலை வாங்கக் கூடாது என்கிறது அது. கரையில் உள்ளவர்களுக்கு எட்டு மணி நேரம் என்பதை நினைத்துப் பாருங்கள். ‘உமக்கு அறையில் சன்னல் உண்டா?’ என்று வாப்பா கேட்டதற்கு அவர் சிரித்தார். நீர்மட்டத்துக்கும் கீழே, ஒரே அறையில் இருவர். “இவனும் சபுராளிதான் தம்பி” என்று வாப்பா என்னிடம் சொன்னார்கள். ஸுப்ஹுத் தொழுகை வரை அங்கேயே இருந்தோம்.

திங்கள் பிற்பகல் பினாங்கு. கப்பல் கட்டும் சுவெட்டன்ஹாம் துறையிலிருந்து ஊருக்குள் நடந்தே போகலாம். கப்பல் கம்பெனியின் சுற்றுலாப் பேருந்துக்கு ஆளுக்கு இவ்வளவு என்று அறைக்கே சீட்டு வந்திருந்தது. அது தேவையில்லை. பழைய ஜார்ஜ் டவுன் முழுவதும் ஒரு மைல் சுற்றளவில் அடங்கும். 2008இல் அதை உலகப் பாரம்பரிய நகரம் என்று யுனெஸ்கோ அறிவித்தது.

முதலில் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல். நம் தென்னாட்டு மரக்காயர்களும் சூலியாக்களும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுப்பியது. அஸர் தொழுதோம். ஒளு செய்யும் இடத்தில் வாப்பா நெடுநேரம் நின்றார்கள். பிறகு சூலியா தெருவில் பழைய கடையைத் தேடினோம். நாகூர் ஆண்டகையின் பெயரால் அங்கே உள்ள தர்காவை அடையாளம் வைத்து, இத்தனையாவது கட்டடம் என்று எண்ணிக்கொண்டே வந்தார்கள். கடை இருந்த இடத்தில் இப்போது வெள்ளைக்காரப் பயணிகள் காப்பி குடிக்கும் விடுதி. உள்ளே எட்டிப் பார்த்து, “அந்தத் தூணு இருக்கு” என்றார்கள். அவ்வளவுதான். பணம் மாற்றும் கடையில் இருந்த ராமநாதபுரத்துப் பெரியவர் ஒருவர் எங்கள் பேச்சைக் கேட்டுத் தாமே வந்து விசாரித்தார். வாப்பா சொன்ன பெயர்களில் ஒன்றிரண்டை அவர் தம் தந்தையார் வாயால் கேட்டிருக்கிறார். நாசி கண்டார் வாங்கிக் கொடுக்காமல் விடமாட்டேன் என்றார். தோளில் காவடித் தண்டு போட்டுச் சோறும் கறியும் சுமந்து விற்ற நம்மவர்களால் அந்தச் சாப்பாட்டுக்கு அமைந்த பெயர் அது.

மணி ஆறு ஆகிவிட்டது. வாடகைக் காரில் மையவாடிக்குப் போனோம். அறுபத்தைந்து ஆண்டுகள்! வாப்பாவுக்கு நினைவிருந்ததெல்லாம் ஒரு பெரிய மரமும் அதன் கிழக்கே மூன்றாவது கபுர் என்பதும்தான். மீஸான் கல்லில் பெயர் பொறிக்கவில்லை. அந்த நாளில் அதற்குக் காசில்லை. மரங்கள் பல இருந்தன. காவலாளி நல்ல மனிதர். பழைய பதிவேடுகள் அலுவலகத்தில் இருக்கின்றன, காலை ஒன்பது மணிக்கு வந்தால் தேடிப் பார்க்கலாம் என்றார். காலை ஒன்பது மணிக்கு நாங்கள் கிள்ளானில் இருப்போம்.

வாப்பா வரிசை வரிசையாக நடந்தார்கள். ஒரு மரத்தடியில் நிற்பார்கள், தலையை ஆட்டிவிட்டு அடுத்ததற்குப் போவார்கள். நான் கைக்கடிகாரத்தைப் பார்ப்பதை மறைக்க முயன்றேன். பத்து மணிக்குள் எல்லாரும் கப்பலில் இருக்க வேண்டும்; வராதவருக்காகக் கப்பல் காத்திராது. மஃரிபு பாங்கு கேட்டது, இருட்டிவிட்டது. “நீங்க போயிருங்க தம்பி. நான் பள்ளியில படுத்துக்கிட்டு காலையில பதிவைப் பார்த்துட்டு பிளேன்ல வந்துருறேன்” என்றார்கள். விமானத்தை வெறுத்தவர் வாயிலிருந்து வந்த சொல்! பாஸ்போர்ட் கப்பலில் இருக்கிறது என்பதை நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. வாப்பா என்னைப் பார்த்த பார்வையை என்னால் மறக்க முடியாது. பிறகு வாசலுக்கு வந்து நின்று, அங்கே அடங்கியிருப்போர் அனைவருக்கும் சேர்த்து ஸலாம் சொல்லி யாஸீன் ஓதினார்கள். ஒன்றரை மணி நேரம் மீதமிருந்தும் கப்பலுக்குத் திரும்பிவிட்டோம். வழியில் யாரும் பேசவில்லை.

கிள்ளானில் நாங்கள் இறங்கவே இல்லை. அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை.

இரண்டாம் இரவும் மூன்றாம் இரவும் வாப்பாவும் நானும் அந்த வெளித்தளத்திலேயே படுத்துக்கொண்டோம். இரவுக் காவலர் ஒரு முறை வந்து பார்த்தார். முதியவர் என்று கண்டு ஒன்றும் சொல்லாமல் போனார். ஜாவா இளைஞர் வேலை முடியும் நேரத்தில் வந்து பத்து நிமிடம் உட்கார்ந்து பேசிவிட்டுப் போவார். கப்பல் முழுவதிலும் காசு கேட்காத இடம் அதுதான். கூட்டமில்லாத இடமும் அதுதான்.

புதன் காலையில் கதவடியில் கணக்குச் சீட்டு செருகியிருந்தது. ஆளுக்கு ஓர் இரவுக்கு இவ்வளவு என்று சேவைக் கட்டணம், கைக்குழந்தையல்லாத எல்லாருக்கும். மகன் எடுத்த இணையத் தொடர்பு. நுழைவாயிலில் சிரித்த சிரிப்புக்கு இரண்டு புகைப்படம்; மருமகள் ஆசைப்பட்டு வாங்கியிருந்தாள். காப்பிக் கடையில் காப்பி. எல்லாவற்றிலும் பெரியது வீடியோ விளையாட்டுக் கூடம். ஐந்து வயதுப் பேரன் அட்டையைத் தொட்டால் இயந்திரம் ஓடும் என்று கண்டுகொண்டான். கையில் காசாக இருந்திருந்தால் பத்து வெள்ளியில் நிறுத்தியிருப்போம். ஆக மொத்தம் அறுநூற்றுச் சொச்சம் வெள்ளி, இரண்டு பேருடைய சீட்டு விலைக்கும் மேல். ஆகவே விளம்பரத்தில் காணும் தொகையின் மேல் மூன்றில் ஒரு பங்கை முன்கூட்டியே கூட்டி வைத்துக்கொண்டு யோசியுங்கள். பிள்ளைகளின் அட்டையில் பணம் எடுக்கும் வசதியை முதல் நாளே வரவேற்புக் கூடத்தில் சொல்லி நிறுத்திவிடலாம். எங்களுக்கு யாரும் அதைச் சொல்லவில்லை, கேட்டால் செய்கிறார்கள். முதியவர்களை அழைத்துப் போவதாக இருந்தால் சன்னலுள்ள அறை எடுங்கள். வித்தியாசம் எங்கள் கணக்குச் சீட்டின் தொகையை விடக் குறைவாகத்தான் இருந்தது. உள்ளறைதான் முடியுமென்றால் ஒரு சிறு இரவு விளக்கைப் பெட்டியில் வைத்துக்கொள்ளுங்கள்.

சேவைக் கட்டணம் ஜாவா இளைஞருக்குப் போகிறதா என்று அவரிடமே கேட்டேன். பொதுவில் சேர்த்துப் பங்கிடுவார்களாம், எவ்வளவு என்று தெரியாதாம். வாப்பா தம் சட்டைப்பையிலிருந்து ஐம்பது வெள்ளியை எடுத்து, “பிள்ளைக்கு” என்று மலாயில் சொல்லிக் கையில் திணித்தார்கள். அவர் வாப்பாவின் கையை இரு கைகளாலும் பற்றி நெஞ்சில் ஒற்றிக்கொண்டார்.

நாங்கள் ஊர் திரும்பிய பின் மகன் பினாங்கு மையவாடி அலுவலகத்துக்கு எழுதிக் கேட்டிருக்கிறான். பணம் மாற்றும் கடைப் பெரியவரும் நேரில் போய்ப் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார். 1958ஆம் ஆண்டுப் பதிவேடு ஒன்று இருக்கிறதாம், எழுத்து மங்கியிருக்கிறதாம். இன்னும் முடிவு தெரியவில்லை.

அதே 2023 அக்டோபரில் நாகப்பட்டினத்திலிருந்து இலங்கையின் காங்கேசன்துறைக்குப் பயணிகள் கப்பல் தொடங்கிய செய்தி வந்தது. இடையில் நின்று, 2024 ஆகஸ்டில் மறுபடி தொடங்கியது. அந்தச் செய்தியைப் பத்திரிகையில் இரண்டு முறை படித்துவிட்டு வாப்பா என்னைக் கூப்பிட்டார்கள். “நாகப்பட்டினத்துல இப்ப கரையிலேயே ஏறலாமாம்ல. வெளியில உக்கார எடம் இருக்கான்னு மட்டும் விசாரி” என்றார்கள்.